மிஸ் படிப்பிக்கிறதில்லை

போன செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களை ஒரு கடித உறைக்குள் போட்டு அலுவலகத்தில் தந்தார்கள். கொள்ளுப்பிட்டியில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, நின்றபடியே வாசித்துக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் "குட்", "வெரி குட்". இரண்டு மூன்றில் "ஏசி வேலை செய்யவில்லை". ஒன்றில் மட்டும் தமிழில், நீல மையில், நிதானமான எழுத்தில் இப்படி இருந்தது: "மிஸ் படிப்பிக்கிறதில்லை. எங்களையே கதைக்க விட்டுட்டு நிக்கிறா. இதுக்கோ நாங்கள் காசு கட்டுறது?"

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வகுப்புக்கு நான் வீட்டில் எவ்வளவு நேரம் இருந்து தயார்படுத்துகிறேன் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? பழைய மாதிரி அறுபது ஸ்லைட் போட்டு வாசித்துவிட்டுப் போவது எவ்வளவு சுகம்! ஆனால் பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் கோபம் பாதியாக இறங்கிவிட்டது. பிள்ளை எழுதியதில் பொய் என்று ஒன்றுமில்லை. நான் நிற்கிறேன்தான். அவர்களைக் கதைக்க விடுகிறேன்தான். காசு கட்டுவதும் அவர்கள்தான்.

கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில் சனி, ஞாயிறுகளில் வருகை விரிவுரையாளராக மனிதவள முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு கம்பனியின் மனிதவளப் பிரிவில் வேலை. நான் சேர்ந்தபோது கதவில் "பேர்சனல்" என்றுதான் பலகை இருந்தது. நடுவில் ஒரு நாள் அதைக் கழற்றி "எச்ஆர்" என்று மாட்டினார்கள். மேசையும் ஆளும் அதே. (இந்தத் தொழிலுக்கு இங்கே பட்டயம் கொடுக்கும் நிறுவனம் 1959இல் தொடங்கியது. அதன் பெயரில் இன்றைக்கும் "ஆளணி முகாமைத்துவம்" என்றுதான் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும்.)

"மாணவர் மையக் கற்பித்தல்" என்ற சொல் நம் பல்கலைக்கழகங்களுக்குள் பெரும்பாலும் உலக வங்கித் திட்டங்களோடு வந்தது. 2003இல் ஒன்று, 2010இல் ஒன்று, 2017இல் இன்னொன்று. இடையில் 2012இல், பட்டங்களின் தரங்களை வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகம் வந்தது. அதன்படி ஒரு கிரெடிட் என்பது பிள்ளை செலவழிக்கும் 50 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. அதில் விரிவுரை 45 மணித்தியாலம் என்றால் மிச்சம் 105. கணக்குப்படி பார்த்தால் படிப்பில் பெரும்பங்கு நான் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். அந்த 105ஐ எங்கள் பாடத்திட்டத்தில் "சுயகற்றல்" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்திருக்கிறோம்.

புதிதாகச் சேர்ந்தபோது ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பிரிஸ்டல் போர்ட், நிறநிறமாக ஒட்டுத்தாள், எல்லாம் இருந்தது. மாணவர் மையக் கற்பித்தலைப் பற்றி ஒருவரே மூன்று மணித்தியாலம் விரிவுரை செய்தார். சாப்பாடு நல்லாயிருந்தது.

எங்கள் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் வணிகக் கல்வி, கணக்கீடு, பொருளியல். மூன்றுக்கும் டியூஷன். ஹாலில் நூறு, இருநூறு பேர், மைக் பிடித்த ஒரு சேர், கையில் டியூட் என்கிற அச்சடித்த குறிப்பு. எந்தக் கேள்வி எந்த வருடம் வந்தது, இந்த வருடம் எது வரும் என்பதுதான் அங்கே அறிவு. பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளியில் நாலாம் தசமத்துக்கு அடிபடுகிற நாட்டில் அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படி வந்தவள்தான். ஆனால் அப்படி வந்த பிள்ளையிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால், அது ஏதோ பொறி என்றுதான் நினைக்கும்.

என் முதல் முயற்சி படுதோல்வி. ஆறு பேராகப் பிரித்து குழுவுக்கொரு தலைப்புக் கொடுத்தேன்: ஆட்சேர்ப்பு, தெரிவு, பயிற்சி, செயலாற்றுகை மதிப்பீடு. வந்து பிரசன்டேஷன் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளை இராத்திரி முழுக்க இருந்து ஸ்லைட் செய்தது. மற்ற ஐந்தும் ஆளுக்கு இரண்டு ஸ்லைட்டைப் பார்த்து வாசித்தன. முன்பு என் வாயால் கேட்ட அறுபது ஸ்லைட்டை இப்போது ஆறு வாயால், இன்னும் மோசமான ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் பின்வரிசையில் இருந்து புள்ளி போட்டேன். இதற்கு மாணவர் மையம் என்று பெயர் வைத்தால் பட்டறையில் கைதட்டுவார்கள். உண்மையில் என் வேலையைத் தூக்கி அவர்கள் தலையில் வைத்ததுதான் நடந்தது.

பிறகு கேஸ் ஸ்டடி. ஹார்வர்டின் வணிகப் பள்ளி 1908இல் தொடங்கியது. 1919இல் அதற்குத் தலைவராக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். வழக்குகளை வைத்துச் சட்டம் படிப்பிப்பதுபோல வியாபாரத்தையும் படிப்பிக்கலாம் என்று பிடிவாதமாக நின்றார். நல்ல முறை. ஆனால் என் கையில் இருந்த கேஸ்கள் எல்லாம் இங்கிலாந்து சுப்பர்மார்க்கெட்டையும் அமெரிக்க விமானக் கம்பனியையும் பற்றியவை. "நீங்கள் அந்த நிறுவனத்தின் மனிதவளப் பணிப்பாளர். என்ன முடிவெடுப்பீர்கள்?" என்று முடியும். புறக்கோட்டைக் கடையில் கணக்கு எழுதும் பிள்ளையும், கார்மெண்ட்ஸில் தரம் பார்க்கும் பிள்ளையும் ஒருநாளும் உட்காராத ஒரு கதிரையில் உட்கார்ந்து, ஒருநாளும் பார்க்காத ஆட்களை வேலையை விட்டு எடுக்கிறார்கள்!

எனக்கு உறைத்தது அங்கேதான். இந்தப் பாடம் முழுக்க ஒரே கதிரையில் இருந்து எழுதப்பட்டிருக்கிறது. மனிதவள முகாமைத்துவத்துக்கு 1984இல் வந்த ஹார்வர்ட் மாதிரியில் அக்கறையுள்ள தரப்புகள் என்று பங்குதாரர், முகாமை, ஊழியர் குழுக்கள், அரசு, சமூகம், தொழிற்சங்கம் என ஆறைப் போட்டிருக்கிறார்கள். நான் பெட்டி கீறிப் படிப்பிப்பேன், பிள்ளைகள் பெட்டி கீறிப் பாடமாக்குவார்கள். அந்த ஆறு பெட்டியில் குறைந்தது மூன்று பெட்டிக்குள் அவர்களுடைய அம்மா, அப்பா, அண்ணா இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதனால் அடுத்த செமஸ்டரில், இரண்டாம் வாரமே, ஒரு சின்ன வேலை கொடுத்தேன். வீட்டில் உழைக்கிற யாராவது ஒருவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெயரையும் கம்பனிப் பெயரையும் மறைத்துப் பிரதி எடுத்துக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால், சம்பளம் எப்படி வருகிறது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்.

நாற்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர்தான் சீட்டோடு வந்தார்கள். மிச்சப் பேருக்கு வீட்டில் சீட்டே இல்லை. என் அனுபவத்தில் அன்றைக்கு நடந்ததுதான் முதல் உண்மையான மனிதவள வகுப்பு.

ஒரு பிள்ளையின் அம்மா கார்மெண்ட்ஸில். அடிப்படைச் சம்பளம் ஒரு தொகை, கீழே "வருகைக் கொடுப்பனவு" என்று இன்னொரு தொகை. மாதத்தில் ஒரு நாள் லீவு எடுத்தால் அது வெட்டுப்படும். "அதான் அம்மா காய்ச்சலோடயும் போறவ" என்று அந்தப் பிள்ளை சாதாரணமாகச் சொன்னது. இன்னொருவரின் சீட்டில் அடிப்படை சின்னது, விதவிதமான கொடுப்பனவுகள் பெரிது. ஏன் அப்படி என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக் கணக்கைப் பலகையில் போட வைத்தேன். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் 8%, முதலாளி 12%. பிறகு 1980இல் வந்த நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3%. 50,000க்குக் கணக்குப் பார்த்தால் ஊழியரிடம் 4,000 கழியும், முதலாளி 6,000மும் 1,500மும் போட வேண்டும். இப்போது அந்த 50,000ஐ 25,000 சம்பளம், 25,000 "ஊக்குவிப்பு" என்று உடைத்துப் பாருங்கள் என்றேன். கணக்கீடு படித்த பிள்ளைகள்தானே. "ஊக்குவிப்பு"க்கு நிதி கட்டுவதில்லை. முப்பது செக்கனில் வகுப்பே "ஆ..." என்றது.

ஒரு பையனின் வாப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருடம். சீட்டும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் கையில் காசு. ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும், பணிக்கொடைச் சட்டம் மட்டும் பதினைந்து பேர் உள்ள இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது என்று விளக்கினேன். கடையில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "மிஸ், இதை வாப்பாட்ட சொன்னா அடிதான் விழும். தங்கச்சிட கலியாணத்துக்கு முதலாளி ஒரு லட்சம் குடுத்தவர். ராத்தா ஆஸ்பத்திரில கிடந்த நேரமும் அவர்ட வேன்தான்."

இரண்டு வாரம் முன்புதான் "உளவியல் ஒப்பந்தம்" படிப்பித்திருந்தேன். ஆர்ஜிரிஸ் என்ற ஆய்வாளர் 1960இல் சொன்னது, டெனிஸ் ரூசோ என்பவர் 1989இல் விரித்தது, எழுதப்படாத பரஸ்பர எதிர்பார்ப்புகள், இத்தனை வகை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. இப்போது பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது: "மிஸ், அண்டைக்குச் சொன்னது இதுவா?" அதுக்குப் பிறகு நாற்பது நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு லட்சம் சேமலாப நிதியை விடப் பெரிதா, கணக்குப் போட்டார்கள். முதலாளி நல்லவரா கெட்டவரா என்று சண்டை பிடித்தார்கள். சட்டத்தைக் காட்டினால் அந்த வேன் திரும்ப வருமா என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

மலையகத்தில் பொகவந்தலாவையில் இருந்து வந்து கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் இருக்கும் ஒரு பிள்ளை. ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு வார்த்தை பேசாதது. செயலாற்றுகை மதிப்பீட்டு வாரத்தில் இலக்கு, தரமிடல், மதிப்பிடுபவரின் பக்கச்சார்பு என்று நான் தொடங்கியபோது கை தூக்கியது. "மிஸ், எங்க தோட்டத்துல அரைப்பேருன்னு சொல்லுவாங்க. அதுவும் இதுதானே?"

பலகைக்கு வரச் சொன்னேன். கொழுந்து இத்தனை கிலோ என்று ஒரு அளவு. அதை எடுத்தால் அன்றைக்குப் பேர் விழும், எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது நிறுக்கிறவர் கையில். மழை விடாமல் பெய்தாலும், மலை செங்குத்தாக இருந்தாலும், செடி கிழடானாலும் அளவு அதே. கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒரு சிங்களப் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது: அந்த அளவை யார் தீர்மானிக்கிறார்கள், பறிக்கிறவர்களிடம் கேட்பார்களா? மலையகப் பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தது. அந்தக் கேள்வியை யாரும் அதனிடம் அதுவரை கேட்டதில்லை என்று நினைக்கிறேன். 2018 ஒக்டோபரில் காலி முகத்திடலில் கறுப்பு உடையோடு இளைஞர்கள் கூடி ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டதையும், அது வர்த்தமானியில் வர 2021 ஆனதையும் அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் வகுப்புக்குச் சொன்னது. இங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் நடந்த விஷயம். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் இருந்தே எடுக்கலாம் என்று சொல்ல வரவில்லை. சட்டத்தை யாரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒருவர் எழுந்து நின்று சொல்லத்தான் வேண்டும். நான் இப்போதும் ஒவ்வொரு வகுப்பிலும் இருபது, இருபத்தைந்து நிமிடம் விரிவுரை செய்கிறேன். வெட்கமில்லாமல், ஸ்லைட்டோடு.

குழு பிரிப்பது வேறு கதை. விட்டால் தமிழ்ப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம், சிங்களப் பிள்ளைகள் நடுவில், முஸ்லிம் பெண் பிள்ளைகள் முன்வரிசை. அதிலும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு. யாருக்கும் யாரோடும் கோபம் கிடையாது, பழக்கம் அவ்வளவுதான். அமெரிக்காவில் டெக்சாஸ் ஒஸ்டின் நகரில் 1971இல், அதுவரை தனித்தனியாகப் படித்த கறுப்பின, வெள்ளையின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் போட்டதும் அடிதடியானது. எலியட் அரன்சன் என்ற சமூக உளவியலாளர் அங்கே போய்ப் பார்த்து "ஜிக்சோ" என்ற முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் படிக்க வேண்டும், பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிப் போய்ப் படிப்பிக்க வேண்டும். மற்றப் பிள்ளையின் வாயில் இருந்து வராமல் உனக்கு அந்தத் துண்டு கிடைக்காது. அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தொழிற்சட்ட வாரத்துக்கு இது அச்சாவாகப் பொருந்தியது. சேமலாப நிதி ஒரு துண்டு, பணிக்கொடை ஒன்று, மகப்பேற்று லீவு ஒன்று, வேலைநீக்கம் ஒன்று. மகப்பேற்றுத் துண்டு கிடைத்த ஒரு சிங்களப் பிள்ளை, 2018இல் சட்டம் திருத்தப்படும் வரைக்கும் முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள், மூன்றாவதுக்கு 42 நாள்தான் என்று விளக்கிவிட்டு நிறுத்தியது. பிறகு, "நான்தான் மூன்றாவது" என்றது. அந்த மேசையில் இருந்த ஐந்து பேரும் பரீட்சையில் 42ஐ மறந்திருக்க மாட்டார்கள்.

மொழிச் சிக்கலும் அங்கே கொஞ்சம் இளகியது. விரிவுரை ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம், வீடு தமிழோ சிங்களமோ. துண்டைப் படிக்கும்போது எந்த மொழியிலும் கதையுங்கள், குழுவுக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் விளங்குகிற மொழியில் சொல்லுங்கள் என்றேன். உடைந்த ஆங்கிலம் பேச வெட்கப்பட வேண்டியதில்லை, அந்த மேசையில் எல்லோருடையதும் உடைந்ததுதான். இது புதிதும் இல்லை. பரீட்சைக்கு முந்தின இரவு விளங்கின பிள்ளை விளங்காத பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் "குப்பி" என்று பெயர், குப்பி விளக்கின் குப்பிதான். உலக வங்கி வருவதற்கு முன்பே பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைப் பகலில், ஏசி வேலை செய்யாத அறையில் நடத்துகிறோம்.

ஆனால் வேலைநீக்கத் துண்டில் நான் மாட்டிக்கொண்டேன்.

1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினைந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையை விட்டு எடுப்பதென்றால் ஒன்றில் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். என் ஸ்லைட்டில் "ஊழியரின் சம்மதத்தைப் பெறுக" என்று ஒரு வரி. அந்தத் துண்டைப் படித்துக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு பிள்ளை நிமிர்ந்து கேட்டது: "மிஸ், அவ ஓம் எண்டு சொல்லாட்டி?"

நான் வேலை செய்த கம்பனியில் ஒரு பிரிவை மூடியபோது அந்தச் சம்மதத்தைப் பெற்றவர்களில் நானும் ஒருத்தி. சின்ன அறை, மேசையில் தண்ணீர்க் கிளாஸ், டிஷ்யூ பெட்டி. டிஷ்யூ பெட்டி வைக்கச் சொன்னதும் நான்தான். "இன்றைக்குக் கையெழுத்து வைத்தால் இந்தத் தொகை. நாளைக்கு இதே தொகை இருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது" என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வசனம். பொய் என்று யாரும் சொல்ல முடியாத வசனம். பதினாறு வருடம் வேலை செய்த ஒரு அக்கா, "வீட்ட ஒருக்காக் கேட்டுட்டு வரட்டே?" என்றார். நான் வசனத்தைத் திரும்பச் சொன்னேன். அவர் கையெழுத்து வைத்தார்.

இதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அதே பிள்ளை, "அப்ப மிஸ், அது சம்மதமா?" என்றது. எங்கள் பாடத்திட்டத்தில் அந்த வாரத்துக்கான கற்றல் பேறு, "வேலைநீக்க நடைமுறைகளை விபரிப்பர்". விபரித்துவிட்டார்கள். நான் இன்னும் அந்தக் கேள்வியோடு இருக்கிறேன்.

பரீட்சைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அறுபது வீதம் எழுத்துப் பரீட்சை. வினாத்தாளை என்னிடம் கேட்கிறார்கள்தான், ஆனால் அது மேலே போய்த் திரும்பி வரும்போது கேள்விகள் உருமாறியிருக்கும். "உமது அனுபவத்தில் இருந்து ஒரு மதிப்பீட்டு முறையை ஆராய்க" என்று நான் அனுப்பியது "செயலாற்றுகை மதிப்பீட்டின் ஐந்து நன்மைகளை எழுதுக" என்று வந்தது. பொகவந்தலாவைப் பிள்ளை அரைப்பேரை வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது. அந்தக் கட்டில் அதுதான் நல்ல விடை. இருபதுக்குப் பதினாறு போட்டேன். இரண்டாவது பரீட்சகர் சிவப்பில் ஒன்பது ஆக்கினார். ஓரத்தில் ஒரு குறிப்பு: "ஐந்து நன்மைகள் இல்லை." எழுதிப் பார்த்தேன், நேரில் போயும் கதைத்தேன். பன்னிரண்டில் முடிந்தது. பேரம் பேசி வாங்கின மூன்று புள்ளி.

இதனால்தான் அந்த நீல மைப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. ஐந்து நன்மை கேட்கிற பரீட்சையை வைத்துவிட்டு ஐந்து நன்மையைச் சொல்லிக் கொடுக்காமல் நின்றால், மிஸ் படிப்பிக்கிறதில்லை என்பது சரியான முடிவுதானே? இதைப் பற்றி ஆராய்ச்சியும் இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் சுமார் 34 வீதம் பேர் தோற்றார்கள், பிள்ளைகளை ஈடுபட வைத்த வகுப்புகளில் சுமார் 22 வீதம். அது விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்களை வைத்துச் செய்தது. மனிதவளத்துக்கு அப்படியே பொருத்த மாட்டேன். எனக்கு அதைவிடப் பிடித்தது 2019இல் ஹார்வர்டில் பௌதிகவியல் வகுப்பில் செய்த ஒன்று. தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிய பிள்ளைகள் சோதனையில் கூடப் புள்ளி எடுத்தார்கள். ஆனால் எவ்வளவு படித்ததாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, நல்ல விரிவுரையை உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள்தான் கூடப் படித்ததாகச் சொன்னார்கள். மல்லுக்கட்டுவது படிப்பது மாதிரித் தெரிவதில்லை, தடுமாறுவது மாதிரித்தான் தெரிகிறது. இப்போது செமஸ்டரின் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கூடவே பரீட்சைக்கு ஐந்து நன்மைகள் அடங்கிய இரண்டு பக்க டியூட்டும் கொடுக்கிறேன். கொள்கைக்காரர்கள் மன்னிக்க வேண்டும், அந்த இரண்டு பக்கம் பிள்ளைகளுக்கு நிம்மதி. நிம்மதி வந்தால் கதைக்கிறார்கள்.

இந்த செமஸ்டரின் மூன்றாவது வாரம் நியமனக் கடிதம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினது. வேலைக்குச் சேரும்போதே பதவி, சம்பளம், கொடுப்பனவுகள், வேலை நேரம், லீவு எல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வழக்கம்போல வீட்டில் யாருடையதாவது கடிதத்தைப் பெயர் மறைத்துக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பதினொரு கடிதம் வந்தது. சட்டப்படி இருக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு, எந்தக் கடிதத்தில் எது இல்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் திடீரென்று, "மிஸ், உங்கட லெட்டர்?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். விடவில்லை. சரி, உண்மையைச் சொல்கிறேன் என்றேன்: எனக்கு நியமனக் கடிதம் இல்லை. ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு மின்னஞ்சல் வரும், அதில் பாடத்தின் பெயர், மணித்தியாலத்துக்கு இவ்வளவு, வகுப்பு அட்டவணை. சேமலாப நிதி? இல்லை. லீவு? வகுப்பு நடக்காவிட்டால் காசு இல்லை.

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. மிஸ் ஊழியர் என்று ஒரு பாதி, இல்லை, சேவை வழங்குகிற ஒப்பந்தக்காரர் என்று மறு பாதி. நான் அந்தப் பாடத்தை இன்னும் எடுக்கவே இல்லை. அது ஆறாம் வாரம்! அவர்களே கேள்விகளை உண்டாக்கினார்கள். எப்போது வர வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? கம்பஸ். எதைப் படிப்பிக்க வேண்டும் என்று? கம்பஸ், பாதி. சுகமில்லாவிட்டால் மிஸ் தன் சிநேகிதியை அனுப்பலாமா? முடியாது. வேறு இடத்திலும் படிப்பிக்கலாமா? ஓம். மார்க்கர் பேனை யார் வாங்குவது?

"நான்தான்" என்றேன்.

அந்த ஒரு பதிலில் ஒப்பந்தக்காரர் கட்சி எழுந்து நின்று கைதட்டியது. ஊழியர் கட்சி அடங்கவில்லை, கொத்தனார் கரண்டியைத் தானே கொண்டு வந்தால் அவர் முதலாளியின் ஆள் இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். மூன்று மொழியில் சத்தம். ஐந்தரைக்கு செக்கியூரிட்டி வந்து கதவில் தட்டினார், அறை பூட்ட வேண்டும். படியிறங்கும்போதும் விடவில்லை. கீழே வாசலில் நின்று இரண்டு கட்சியும் ஒரு முடிவுக்கு வந்து என்னிடம் ஆள் அனுப்பின. வந்தது அந்தப் புறக்கோட்டை வாப்பாவின் மகன்.

"மிஸ், அந்த ஈமெயிலை அடுத்த கிழமை பிரிண்ட் எடுத்துக் கொண்டு வாங்க. பேரையும் தொகையையும் மறைச்சிட்டுக் கொண்டு வந்தாப் போதும்."